புதுக்கிய மோட்டார் இயந்திரத்தைப் பழக்குதலும் எண்ணெய் வடிகட்டலும்

மோட்டார் வண்டியின் இயந்திரம் தேய்ந்து பட்டறை புகுந்து, உருளைகள் கடையப்பெற்று, புதிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் பூண்டு மீளுங்கால், உடையார் அது புதிதாயிற்று என்று மகிழ்வர். மகிழ்ச்சி சற்றே முற்பட்டதாகும். ஒன்றோடொன்று உராய்ந்து இயங்கவேண்டிய பரப்புகள் இன்னும் ஒன்றற்கொன்று இணங்கினவல்ல. அவை இணங்குங் காலத்தைப் பட்டறைகளில் ‘ரன்னிங் இன்’ என்பர். காளையை நுகத்திற்குப் பழக்குவதை யொத்திருத்தலின், யான் இதனை இக்கட்டுரையிற் பழக்குதல் என்றே வழங்குவேன். முதல் அரைமணி நேரத்தில் நேருங் கேடு ஒருவகை. முதல் 1,500 கிலோமீட்டரில் நேருங் கேடு மற்றொருவகை. இவ்விரண்டுந் தப்பிய இயந்திரம் பல்லாண்டு உழைக்கும். தப்பாதது மீண்டும் பட்டறைக்கே செல்லும்.

தமிழ் பயிலும் மாணவன் இயந்திர நூல் பேசப் புகுவதென்னை யென்று பௌதிக வகுப்பு நண்பர் நகைத்தலுங் கூடும். நகைக்க. அவர்கள் எழுதாமையாலன்றோ யான் எழுத நேர்ந்தது.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பேசுதல் நன்று. நம் நாட்டார் யாவரும் அறிந்த அம்பாசடர் வண்டியையே கொள்வேம். வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி தொடங்கி 2014 வரை அவ்வண்டி செய்யப்பட்டது. அதன் மூலம் இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டி. நெடுங்காலம் அதில் அமைந்திருந்த பெட்ரோல் இயந்திரம் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது; நான்கு உருளைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 73 மில்லிமீட்டர் விட்டமும் 89 மில்லிமீட்டர் வீச்சும் உடையன. வால்வுகள் தலையிலும், அவற்றை இயக்குங் கேம் தண்டு கீழே பக்கத்திலும் அமைந்தன. பழமையான அமைப்பே, ஆயினும், கழற்றிப் பூட்டிக் கற்பார்க்கு இதனினும் நல்லாசிரியர் இல்லை. திருமண ஊர்வலங்களுக்கென்றும் பழமைப் பற்றினாலும் இன்றும் சிலர் இவ்வண்டிகளைப் பேணி வருகின்றனர்.

முதற்கண் உருளையை நோக்குவோம். தேய்ந்த உருளையைக் கடைசல் இயந்திரத்தாற் சற்றே அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, முப்பது பங்கு, நாற்பது பங்கு என்று படிப்படியாக இது பெருகும். கடைந்தபின் உட்சுவரைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கி விடுவர் என்று யான் முன்பு எண்ணியிருந்தேன். அங்ஙனம் செய்வதில்லை. ஹோனிங் என்னுந் தொழிலால், மணற்கல் போன்ற கட்டைகளைச் சுழற்றியும் மேலுங் கீழுமாக இயக்கியும், ஒன்றையொன்று ஏறக்குறைய 45 பாகையிற் குறுக்கிடும் நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே வரைவர். நம் வீட்டு அம்மியை ஆண்டுக்கொருமுறை கொத்துவிக்கின்றோமே, அதனோடு இதனை ஒப்பிடுக. கொத்தாத அம்மியில் மஞ்சள் வழுக்கும், அரைபடாது. அதுபோல, கீறலில்லாத உருளைச் சுவரில் எண்ணெய் தங்காது. ரிங்கும் பொருந்தித் தேயாது.

கீறல்களுக்கு இடையே சிறு மேடுகள் உள. புதிய ரிங்கு இம்மேடுகளின்மேல் உராயுங்கால் அவற்றின் நுனிகள் மழுங்கும். ரிங்கின் விளிம்பும் உடன் தேய்ந்து சுவரின் வடிவத்தைத் தான் கொள்ளும். பள்ளங்கள் மாத்திரம் எண்ணெய் தேக்குஞ் சிறு வாய்க்கால்களாய் எஞ்சும். ரிங்கு அமர்தல் என்பது இதுவே. இதில் உய்த்துணரற்பால தொன்றுண்டு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் வில்விசை மாத்திரமன்று. எரிந்து விரியும் வாயு ரிங்கின் மேலும் பின்னும் புகுந்து அதனை வெளிநோக்கித் தள்ளுகின்றது. பாரம் ஏற்றி இழுக்குங்கால் வாயுவின் அழுத்தம் மிகும்; வெறுமனே ஓடுங்கால் அது குறையும். ஆகவே, பழக்குங் காலத்தில் இயந்திரத்திற்கு மிதமான பாரம் வேண்டும்.

இவ்விடத்தில்தான் நம்மவர் கொள்கை தடுமாறுகின்றது. “புது இயந்திரம், மெல்ல, மிக மெல்ல” என்று கூறி, வீட்டு வாயிலில் நிறுத்தி மணிக்கணக்காக வெறுமனே ஓடவிடுவாரும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஊர்ந்து செல்வாரும் பலர். இங்கிலாந்திற்கூட முற்காலத்தில் புதுவண்டியின் பின்புறக் கண்ணாடியில் ‘பழக்கப்படுகிறது, முந்திச் செல்க’ என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பை ஒட்டி மெல்ல ஓட்டுதல் வழக்கமாயிருந்தது. அக்காலத்து உலோகமும் கடைசலும் அதனை வேண்டியிருக்கலாம். ஆனால், பாரமின்றி ஓடும் இயந்திரத்தில் ரிங்கு சுவரைச் செவ்வனே வழிக்காது. வழிக்கப்படாத எண்ணெய் சூட்டினாற் கருகிப் பள்ளங்களில் அரக்குப்போற் படியும். இதனை மெருகேறுதல் என்பர். மெருகேறிய சுவரில் ரிங்கு பின்னர் எத்துணை தூரம் ஓடினும் அமராது. நீலப்புகை எழும், எண்ணெய் குறையும், மீண்டும் ஹோனிங் செய்வதன்றி வேறு மருந்தில்லை. அளவிறந்த மென்மையும் கொடுமையே என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, பழக்குதற்கும் முற்பட்டதொரு செய்தி. என் தாய்மாமன் தம் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசடரை ஓராண்டுச் சேமிப்பு முழுதும் செலவிட்டுப் புதுக்குவித்தார். எந்தப் பட்டறை, எந்த ஊர் என்பது ஈண்டு வேண்டா. இரண்டாயிரம் கிலோமீட்டர் செல்வதற்குள் புகை சூழ்ந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் எண்ணெய் குடித்தது. எண்ணெய் போலியென்றார் ஒருவர். ஓட்டியவர் விரைவாக ஓட்டினார் என்றார் மற்றொருவர். மாமா வண்டியை விற்றுவிடுவதென்றே துணிந்தார். பின்னர் அயலூரிலுள்ள முதியவரான மேஸ்திரி ஒருவரிடம் காட்டினோம். அவர் தலையைக் கழற்றி, உருளைச் சுவரிற் செங்குத்தாக ஓடிய கோடுகளை விரல்நகத்தால் தடவிப்பார்த்து, “தம்பி, எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள்; ஓட்டினவரையும் குறை சொல்லாதீர்கள். ஹோனிங் முடிந்து கழுவாமற் பூட்டியிருக்கிறார்கள்” என்றார்.

கழுவியிருப்பார்கள், ஆனால் மண்ணெண்ணெயாற் கழுவியிருப்பார்கள். அங்கேதான் குற்றம். ஹோனிங் கட்டையினின்று உதிர்ந்த பொடி இரும்பினும் வலியது, கீறல்களுக்குள் ஒளிந்துகொள்ளும். மண்ணெண்ணெய் அதனை இடம்பெயர்க்குமே யன்றி வெளிக்கொணராது. வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு தூரிகையாற் பன்முறை தேய்த்து, உலர்த்தி, எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். துணி கறுத்து வருமாயின் மீண்டும் கழுவுக. அந்த மேஸ்திரி ஐந்துமுறை கழுவினார். யான் அருகிருந்து எண்ணினேன். கடைசித் துணியை என் கையிற் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார், ஏனென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. புதிதாய்க் கொத்திய அம்மியில் நம் பாட்டிமார் முதலில் தவிட்டை அரைத்து வழித்தெறிந்து கழுவிவிட்டே துவையல் அரைப்பர். கல்துகள் பல்லிற்படும் என்று அவர்கள் அறிந்தது, பல பட்டறைகளில் அறியப்படவில்லை.

கழுவிப் பூட்டியபின் முதன்முறை உயிர்ப்பிக்கும் வேளை வருகின்றது. இதிலே காக்கப்படவேண்டியது ரிங்கன்று, கேம் தண்டு. கேமின் முகடும் அதன்மேல் நிற்கும் டேப்பட்டும் தொடுமிடம் ஒரு மெல்லிய கோடே. வால்வு வில்லின் விசை முழுதும் அக்கோட்டிற் படுகின்றது. இவ்வகை இயந்திரங்களிற் கேம் முகடுகளுக்குக் கிராங்குத் தண்டின் பேரிங்குகளினின்று தெறிக்கும் எண்ணெயே பெரும்பாலும் வந்து சேர்கின்றது. மெதுவாகச் சுழலுங்கால் தெறிப்பது குறைவு. ஆதலின், உயிர்ப்பித்தவுடன் இயந்திரத்தை முனகவிடாமல், நிமிடத்திற்கு 1,500 முதல் 2,500 சுற்று வரை ஏற்றியும் இறக்கியும் இருபது நிமிடம் ஓட்டவேண்டும். இந்த இருபது நிமிடத்தில் கேமும் டேப்பட்டும் ஒன்றையொன்று தேய்த்து இறுகும். தவறினாற் சில நிமிடங்களிலேயே முகடு உருண்டுபோதலும் உண்டு. ரிங்கிற்கு வெற்றோட்டம் ஆகாது, கேமிற்கோ முதல் இருபது நிமிட வெற்றோட்டம் வேண்டும் என்பது முரண்போலத் தோன்றும். முரணன்று, வேகமான வெற்றோட்டம் குறுகிய நேரத்திற்கு மாத்திரம். அது முடிந்தவுடன் வண்டியைச் சாலையிற் செலுத்தி ரிங்கின் கடனைத் தீர்க்கவேண்டும்.

இதற்கு முன்னேற்பாடுகள் சில. கேம் முகடுகளில் மாலிப்டினம் கலந்த கரிய பசையைப் பூசுக. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, எண்ணெய் அழுத்தங் காட்டும் முள் எழும்வரை பாருங்கள். முள் எழாமல் எரிபொருளைத் திறப்பது பேரிங்குகளை உலரவைத்து உராய்வதாகும். ரேடியேட்டரில் நீரும், கார்புரேட்டரிற் பெட்ரோலும், ஸ்பார்க் வேளையும் முன்னரே செம்மை செய்யப்பட்டிருத்தல் வேண்டும். பலமுறை ஸ்டார்ட்டரை உருட்டுதல் கேமிற் பூசிய பசையை வீணே வழித்துவிடும்.

சாலையில் எவ்வாறு ஓட்டுவது? மேஸ்திரி மாமாவுக்குச் சொன்னபடியே எழுதுகின்றேன். மூன்றாங் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தினின்று 60 வரை பாதிக்குமேல் மிதித்து ஏற்றுக. பின் காலை முழுதும் எடுத்து, வண்டி தானே 30-க்கு இறங்க விடுக. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு முறை. ஏறுங்கால் வாயு ரிங்கை அழுத்துகின்றது. இறங்குங்கால் உருளைக்குள் வெற்றிடம் தோன்றி எண்ணெயை மேலிழுத்துத் தேய்ந்த துகளைக் கழுவுகின்றது. அதன்பின் முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுந்தொலைவு செல்லாமலும், உயர்ந்த கியரில் இயந்திரம் திணறுமாறு இழுக்காமலும், முழுவேகம் கொள்ளாமலும் ஓட்டினாற் போதும். நகரத் தெருக்களில் இயல்பாக ஓட்டுவதே இதற்கு ஏற்றதென்பது என் கருத்து. அங்கே ஒரே வேகத்திற் செல்ல யாருக்கு வாய்க்கின்றது?

எண்ணெயைப் பற்றிச் சில சொல்வேம். பழக்குங் காலத்தில் விலையுயர்ந்த செயற்கை எண்ணெய் வேண்டா. அது மிகவும் வழுக்கிவிடுதலின் ரிங்கு அமரத் தாமதிக்கும். சாதாரணக் கனிம எண்ணெயே தக்கது. ஆனால் அதில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த தேய்வு தடுக்கும் மருந்து போதுமான அளவு இருத்தல் வேண்டும். கேமையும் டேப்பட்டையும் முதல் நாட்களில் காப்பது அதுவே. பிற்காலத்து வண்டிகளின் புகைக்குழாயிலுள்ள நச்சுநீக்கும் பெட்டியைப் பாஸ்பரசு கெடுக்கின்றமையால், எண்ணெயில் அதன் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தனர். 2004-இல் வந்த எஸ்.எம். என்னுந் தரத்தில், இலேசான எண்ணெய்களுக்கு 0.08 விழுக்காடே உச்சவரம்பாயிற்று. தடித்த 20 டபிள்யூ 50 போன்ற வகைகளை அவ்வரம்பு கட்டுப்படுத்தாது. ஆகவே, பழைய இயந்திரமுடையார் ‘புதிய தரம், உயர்ந்த தரம்’ என்று டப்பாவைப் பார்த்து மயங்காது, தம் இயந்திரத்திற்கு வேண்டுவது யாதென வினவி வாங்குக.

இப்பொழுது வடிகட்டியை யடைந்தோம். பவணந்தி முனிவர் நன்னூலிற் கடைமாணாக்கருக்கு உவமை கூறுங்கால் நெய்யரியையுஞ் சேர்த்தார். நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்ளுதல் அதன் இயல்பாதலின், அது மாணாக்கர்க்கு இழுக்காயிற்று. மோட்டார் இயந்திரத்திலோ அக்கடைமாணாக்கனே தலைமாணாக்கன். அவன் வகுப்பில் இல்லாத நாள் பேரிங்குகளுக்குப் பொல்லாத நாள்.

முற்கால மோட்டார்களில் எண்ணெய் வடிகட்டியே இல்லை. போர்டு நிறுவனத்தாரின் ‘டி’ வகை வண்டியில் எண்ணெய்ப் பம்புகூட இல்லாமல், சுழலுஞ் சக்கரம் வாரியிறைத்த எண்ணெயே எங்கும் பாய்ந்தது. அமெரிக்கரான எர்னஸ்ட் ஸ்வீட்லாந்து, ஜார்ஜ் கிரீன்ஹால்க் என்னும் இருவர் 1923-இல் பூரோலேட்டர் என்னும் வடிகட்டிக்கு உரிமை பெற்றனர். அடுத்த ஆண்டு வெளிவந்த கிரைஸ்லர் வண்டியில் அத்தகைய வடிகட்டி அமைந்தது. வடிகட்டியின்றி வாழவே முடியாதோ வெனின், முடியும். ஜெர்மானிய வோக்ஸ்வேகன் ‘வண்டு’ வண்டிகள் நெடுங்காலம் ஒரு கம்பிவலையை மாத்திரம் கொண்டு கோடிக்கணக்கான மைல் ஓடின. ஆனால் அவற்றிற்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கொருமுறை எண்ணெய் மாற்றுவது கட்டாயமாயிருந்தது.

வடிகட்டும் முறை இருவகைப்படும். பம்பினின்று வரும் எண்ணெயிற் பத்திலொரு பங்கு போன்ற சிறு பகுதியை மாத்திரம் பிரித்து, நெருங்கிய வடிகட்டியிற் செலுத்தி மீண்டும் கீழ்த்தொட்டிக்கே அனுப்புவது ஒன்று. எண்ணெய் முழுவதும் வடிகட்டியைக் கடந்தே பேரிங்குகளை அடையுமாறு அமைப்பது மற்றொன்று. முன்னது மிக நுண்ணிய தூசியையும் மெல்ல மெல்லப் பற்றும். ஆயினும் இந்நொடி பேரிங்கை நோக்கி ஓடும் ஒரு துகளை அதனால் தடுக்க இயலாது. பின்னது ஒவ்வொரு துளியையும் சோதித்தனுப்பும். ஆனால் ஓட்டம் தடைப்படாதிருக்க அதன் துளைகள் சற்றே பெரியவாய் இருந்தாகவேண்டும். அம்பாசடரின் இவ்வியந்திரத்தில் அமைந்தது இரண்டாவது வகை. புதுக்கிய இயந்திரத்தில் துகள் மிகுதியாக வெளிவருதலின், பழக்குங் காலத்திற்கு இதுவே பெருந்துணை.

அளவுகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு. மனிதர் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமனுடையது. இரண்டங்குலத் தண்டிற்கும் அதன் பேரிங்கிற்கும் இடையே விடப்படும் இடைவெளி ஏறக்குறைய 50 மைக்ரான். ஓடுங்கால் ஒருபுறம் அது சில மைக்ரான் அளவிற்குச் சுருங்கும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத 10, 20 மைக்ரான் துகளே பேரிங்கைக் கீறுவது. கண்ணுக்குத் தெரிவன வடிகட்டியில் எளிதில் அகப்படும், அவற்றை அஞ்சவேண்டுவதில்லை.

கடைக்காரர் ‘இது இருபது மைக்ரான் வடிகட்டி’ என்பர். அச்சொல்லால் மாத்திரம் ஒன்றும் விளங்காது. இருபது மைக்ரான் துகள்களில் எத்துணை பங்கை அது பிடிக்கும் என்று கேட்கவேண்டும். பாதியைப் பிடிப்பதும் தன்னை இருபது மைக்ரான் என்று கூறிக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைப் பிடிப்பதும் அவ்வாறே கூறும். நல்ல செய்வோர் இதனைப் பீட்டா என்னும் எண்ணாற் குறிப்பர். உட்சென்ற 75 துகளில் ஒன்று மாத்திரம் வெளிவந்தால் பீட்டா 75, அஃதாவது 98.7 விழுக்காடு பிடிபட்டது. பீட்டா 2 என்றால் பாதி தப்பியது.

அங்ஙனமாயின் மிக நெருங்கியதையே வாங்கலாமே யெனின், அதுவும் பிழை. நெருங்கிய வடிகட்டி விரைவில் அடைபடும். அடைபட்டால் இயந்திரம் எண்ணெயின்றி இறவாவண்ணம், ஒவ்வொரு முழுவோட்ட வடிகட்டி அமைப்பிலும் ஒரு சிறு தப்புவழி வால்வு உண்டு. இருபுறத்து அழுத்த வேறுபாடு ஏறக்குறைய அரை முதல் ஒரு கிலோ வரை உயர்ந்தால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையே பேரிங்குகளுக்கு அனுப்பும். அழுக்கெண்ணெய் எண்ணெயின்மையினும் நன்றென்பது அதன் கொள்கை. ஆகையால், பழக்குங் காலத்தில் உடையவர் அறியாமலே வடிகட்டி அடைந்து, வால்வு திறந்து, துகள் நிறைந்த எண்ணெய் சுற்றிவருதல் கூடும். இதற்கு மாற்று, வடிகட்டியை அடிக்கடி மாற்றுதலே. மாமாவின் வண்டிக்கு முதல் அரைமணி ஓட்டம் முடிந்தவுடன் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்பட்டன. பின் 500 கிலோமீட்டரில், பின் 1,500-இல். மூன்று வடிகட்டியின் விலையைப் பேரிங்குகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் இதனை வீண்செலவென்னார்.

வேறு வழிகளும் உள. சுழற்சியால் அழுக்கைப் பிரிப்பது ஒன்று. 1957-இல் வந்த இத்தாலியப் பியட் 500 வண்டியில் கிராங்குத் தண்டின் முனையிலுள்ள சக்கரமே இவ்வகை வடிகட்டியாய் அமைந்தது. 1985 முதல் நம் சாலைகளில் ஓடிய ஹீரோ ஹோண்டா சி.டி. 100 மோட்டார் சைக்கிளிலும் இத்தகையதொரு சுழல் கிண்ணமே உண்டு. தயிர் கடையுங்கால் திரள்வது போல, கனத்த துகள் கிண்ணத்தின் ஓரத்திற் சென்று ஒட்டிக்கொள்ளும், அடைபடுதலுக்கு இடமில்லை. காந்தம் பதித்த வடிகால் திருகு மற்றொன்று. அது மலிவானது, நல்லது. ஆனால் இரும்புத் துகளையன்றிப் பிறவற்றைப் பற்றாது. பேரிங்கின் ஈயமும் வெள்ளீயமும் செம்பும், பிஸ்டனின் அலுமினியமும், சாலைப் புழுதியின் மணலும் அதற்குப் பகையுமல்ல, நட்புமல்ல.

கழற்றிய வடிகட்டியை எறிந்துவிடாதீர். அதனை அறுத்து, மடிப்புத்தாளை விரித்து, வெயிலிற் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறமான மெல்லிய பொடி இயல்பானதே. ரிங்கும் சுவரும் இணங்குகின்றன என்பதற்கு அது கடிதம். காந்தத்தை அருகிற் கொணர்ந்தால் அப்பொடி அசையும். செந்நிறமாகவோ வெண்மையாகவோ மின்னும் செதில்கள் தோன்றுமாயின், பேரிங்கு உரிகின்றது. அன்றே வண்டியை நிறுத்துக. மாமாவின் முதல் வடிகட்டியிற் சாம்பற்பொடி மிகுந்திருந்தது. இரண்டாவதில் விரலாற் றொட்டாலொழியத் தெரியவில்லை. மூன்றாவதிற் றாள் ஏறக்குறையத் தன் நிறத்திலேயே இருந்தது. புகையும் அதற்குள் அடங்கிவிட்டது. வண்டியை விற்கும் பேச்சும் அடங்கியது.

புதிய வடிகட்டியைப் பூட்டுங்கால் ஒன்றைக் கவனிக்க. கிண்ணம் வந்து அமரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழைய வளையம் கரிபிடித்து உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் அதன்மேலேயே புதியதை இட்டு முறுக்கிவிடுவாரும் உளர். வண்டி நிற்கையில் ஒன்றுந் தெரியாது. இயந்திரம் வேகங்கொண்டு அழுத்தம் ஏறியவுடன் மேல்வளையம் பிதுங்கி, தொட்டி எண்ணெய் முழுதும் சில நிமிடங்களில் வெளியே கொட்டிவிடும். ஆகவே ஊசிமுனையாற் பழைய வளையத்தைக் கிளப்பியெடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புதிய வளையத்தில் எண்ணெய் தடவி அமர்த்துக. பின்னர் இயந்திரத்தை ஓடவிட்டு, ஒருவர் அழுத்தமுள்ளை நோக்கியிருக்க, மற்றொருவர் விளக்கோடு குனிந்து வடிகட்டியின் விளிம்பைச் சுற்றிலும் பார்த்தபின்னரே வண்டியைச் சாலையில் இறக்கலாம்.